கண்டக்டர் அக்கா போட்ட ரோடு

குழாய்க்காரர் மொபெட்டை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் மாடியிலிருந்து குரல் வந்துவிடும். "ஏம்ப்பா குழிக்காரா, இன்னிக்கு யார் வீட்டைத் தோண்ட வந்தே?"

இந்தப் பெயரை வைத்ததே கண்டக்டர் அக்காதான். அதற்காகக் குழாய்க்காரருக்கு வருஷக்கணக்காக வயிற்றெரிச்சல். முன்பு அந்தத் தெருவுக்குத் தார் போட்டு வாசனைகூடப் போகவில்லை, எதிர்வரிசையில் ஒரு வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனார். ரோட்டைக் குறுக்கே வெட்டினார், குழாயை மாற்றினார், மண்ணைத் தள்ளி மூடினார். அடுத்த மழையில் அது பள்ளமாகி, அக்கா அதில் கால் வைத்து விழுந்தார். கூப்பிட்டது வீட்டுக்காரர், வெட்டச் சொன்னது வீட்டுக்காரர். பெயர் மட்டும் இவருக்கு. தெருக்கோடியில் இவருக்கும் சொந்தமாக ஒரு மனை இருக்கிறது. இருந்து என்ன, சின்னப் பிள்ளைகள்கூட "அம்மா, குழிக்காரர் வந்திருக்கார்" என்றுதான் கதவைத் திறக்கிறார்கள்.

அக்கா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நாளாயிற்று. பஸ்தான் அக்காவை விட்டு இன்னும் இறங்கவில்லை. காலை அகட்டி, எதிலாவது இடுப்பைச் சாய்த்துத்தான் நிற்பார், தெரு எந்த நேரமும் பிரேக் போடும் என்பதுபோல. யார் நோட்டு கொடுத்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். பை தொங்காத தோள் இன்றும் ஒரு பக்கம் தாழ்ந்தே இருக்கும்.

அந்தத் தெருவை நகராட்சி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ரோடு வேண்டுமென்றால் வீட்டுக்காரர்கள்தான் காசு போட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளர் யார் என்று கேட்டபோது எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். அக்கா கையைத் தூக்கினார். கூட்டம் அக்கா வீட்டு கார் ஷெட்டில். கார் கிடையாது, அதனால் இடம் தாராளம்.

"திரும்பின உடனே என் வீடு. கடைசி வரைக்கும் போற ரோட்டுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார் முதல் வீட்டுக்காரர்.

"ஸ்டேஜ் ஸ்டேஜா டிக்கெட் கிழிக்க இது என்ன பஸ்ஸா? எல்லாருக்கும் ஒரே டிக்கெட்."

மூலை வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கும் ஒண்ணுதானே? ரெண்டு பக்கமும் கேட் இருக்கேன்னு பயந்தே போயிட்டேன்."

"நீங்க பக்கத்து சீட்லயும் காலை நீட்டியிருக்கீங்க சார். உங்களுக்கு ஒண்ணரை."

ஷெட்டே சிரித்தது. சிரித்தபடியே பணமும் வந்து சேர்ந்தது.

இந்த முறை கான்கிரீட். போட்டால் பதினைந்து வருஷத்துக்கு அதில் ஒரு உளிகூடப் படக்கூடாது என்பது அக்காவின் சட்டம். தண்ணீர் மெயின் லைன் அக்கா வீட்டு ஓரமாகப் போகிறது. எதிர்வரிசைக்கு ரோட்டைத் தாண்டித்தான் தண்ணீர் போக வேண்டும். அதனால் யார் யாருக்குப் பின்னால் தேவைப்படுமோ, அவர்களுக்கெல்லாம் ரோட்டுக்கு அடியில் இப்போதே ஒரு காலிக் குழாயைப் புதைத்துவிடுவது. அப்புறம் எதுவானாலும் அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம், வெட்ட வேண்டாம். குழாய்க்காரரையும் இழுத்துக்கொண்டு அக்கா எதிர்வரிசையில் வீடு வீடாக ஏறினார்.

"பதினஞ்சு வருஷத்துல உங்க வீட்ல என்னென்ன நடக்கப்போகுது? இப்பவே சொல்லிடுங்க. மாடி கட்டுவீங்களா? பொண்ணு மாப்பிள்ளை கூட வந்து இருப்பாங்களா?"

குழாய்க்காரர் கூச்சத்தில் நெளிந்தார். யாராவது இப்படிக் கேட்பார்களா?

"எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷமா? உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றார் ஒரு தாத்தா.

அண்ணன் தம்பி சேர்ந்து இருக்கும் வீட்டில் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணு போதும்க்கா. நாங்க என்னிக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு." அவர் முதுகுக்குப் பின்னால் கதவோரம் நின்ற தம்பி மனைவி, சத்தமில்லாமல் இரண்டு விரலைக் காட்டினாள். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டாவே போட்டுடுப்பா. ஒண்ணு செடிக்கு."

அண்ணனும் சரியென்று தலையாட்டினார். வெளியே வந்ததும் குழாய்க்காரர் கேட்டார்: "அந்த வீட்ல ஏதுக்கா செடி?"

"முளைக்கும். வா."

எதிர்வரிசையில் கடைசி இடம் குழாய்க்காரரின் மனை. கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. வீடு எழும்பவே இல்லை. இன்றும் லீவு நாளில் அவர் மனைவி அங்கே போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு, "இது ஹாலு, இது சமையல்கட்டு" என்று காலால் கோடு போட்டுவிட்டு வருவாள். இவருக்கோ முட்டி போய்விட்டது. வேலையும் முன்போல இல்லை. டைல்ஸ் கடைக்காரர் குடோன் கட்ட மனையை விலைக்குக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"அது கைமாறப் போகுதுக்கா" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா "ம்" என்றதோடு சரி.

கான்கிரீட் போடும் நாள் வந்தது. தெருக்கோடியில் ஆரம்பித்து முனை வரைக்கும் போட்டுக்கொண்டு வருவதாக ஏற்பாடு. கலவை லாரி வயிற்றைச் சுழற்றிக்கொண்டு ரிவர்ஸில் வந்தது. அதற்கு முன்னால் அக்கா நடந்தார். சாக்குத் துணி அடைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனை ஒவ்வொன்றையும் குனிந்து தொட்டுப் பார்த்தார். கோடிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இங்க குழாய் எங்கப்பா?"

"விக்கப்போற மனைக்கு எதுக்குக்கா?"

"வீட்ல சொல்லிட்டியா?"

குழாய்க்காரர் மண்வெட்டிப் பிடியைத் துண்டால் துடைத்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா வாக்குக் குடுத்துட்டேன்."

"அதுக்கு முந்தியே ஒருத்திக்குக் குடுத்திருக்கியே, அது என்ன ஆச்சு?"

குழாய்க்காரர் மண்வெட்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நாளைக்கு மனசு மாறி வந்து நின்னேன்னு வை, இந்த ரோட்டுல உன்னைக் கை வைக்க விடமாட்டேன். கால்ல விழுந்தாலும் விடமாட்டேன். தெரியும்ல?"

"தெரியாம என்னக்கா? ஒரு குழிக்கே இத்தனை வருஷமாப் பேர் சுமக்கறேனே."

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அம்மா, கலவை இறுகிடும். நகருங்க!"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையால் லாரித் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். லாரி நின்றது. அதிலேயே இடுப்பைச் சாய்த்து, காலை அகட்டிக்கொண்டு, ஓரத்தில் மீந்து கிடந்த குழாயைக் குழாய்க்காரருக்குக் காட்டினார்.

"தோண்டுப்பா."