இரண்டாவது ஹெட்போன்

ஆள் தொடாமல் ஒரு வால்யூம் திருகு தானாக முழுசுக்குத் திரும்புமா?

திரும்பியது. மூன்று முறை. நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் உதவியாளர். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கீழே வரும் நேரங்களெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவான கோப்புகளைப் பார்த்து எழுதியவை. நம்பாதவர்கள் காரைக்குடிக்கு வாருங்கள், போட்டே காட்டுகிறேன்.

போன பங்குனி மாதம். குன்றக்குடி முருகன் மேல் ஒரு பாட்டு. கோயில் மேடைகளில் பதினாறு வருஷமாகப் பாடுகிறேன். ஸ்டுடியோவுக்குள் போவது அதுதான் முதல் தடவை. காளீஸ்வரி என்று என் பெயரைப் போட்டு வெளிவரப்போகும் முதல் பாட்டு. மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் மதுரையில் வேறொரு பெண் பாடுவாள் என்று ஆல்பம் போடும் ராமநாதன் கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பயமே இல்லை. இருபது நாள் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்துப் பழகியிருந்தேன். தாள் சலசலக்கும் என்று பாட்டை அட்டையில் ஒட்டியிருந்தேன். பட்டு உரசும் என்று பருத்திச் சேலை. கண்ணாடி வளையல்களைக் கல்லலில் உள்ள வீட்டிலேயே கழற்றி வைத்தாயிற்று. இரண்டு நாளாகத் தயிர் தொடவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித் தயாராவாள்?

ஸ்டுடியோ என்பது ஒரு பழைய பெரிய வீட்டின் உள்ளறை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். சத்தம் பட்டால் அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் சுற்றிலும் பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. நடுவில் மைக். மூலையில் ஒரு மர நாற்காலி. அதன் மேல் ஒரு ஹெட்போன் கிடந்தது.

பக்கத்தில் சின்னப் பெட்டி. வயர் சொருக நான்கு ஜாக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நான்கு திருகு. முதல் ஜாக்கில் என் ஹெட்போன். இரண்டாவதில் நாற்காலியில் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் திருகு. ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று மாறாது.

2.15. முதல் டேக். பல்லவி முடிவதற்குள் ரெக்கார்டிங் செய்யும் வீரபாண்டியன் அண்ணன் நிறுத்திவிட்டார். இடையில் இருந்த தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்து அவர் குரல் என் காதில் வந்தது.

"ஹெட்போனைக் கழட்டிக் கையில வச்சிருக்கீகளா?"

"தலையிலதாண்ணே இருக்கு."

"அப்ப எங்குட்டு இருந்து இம்புட்டு லீக் வருது?"

லீக் என்றால் இதுதான். பாடுகிறவர் காதில் இசை ஓடும்; மைக்கில் குரல் மட்டும் விழ வேண்டும். ஹெட்போன் காதில் அழுந்தி இருந்தால் சத்தம் வெளியே வராது. சும்மா கிடந்தால், கொசு ரீங்காரம் போல இசை கசியும். மைக் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அப்புறம் அந்த டேக் குப்பைக்குத்தான்.

நாற்காலி ஹெட்போன்தான் காரணம். பார்த்தேன். இரண்டாவது திருகு முழுசில் இருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சிரித்துக்கொண்டே பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

2.24. இரண்டாவது டேக். லீக். திருகு... முழுசில்.

"லேப்காரக, அதைக்கூட ஒழுங்கா அணைக்க மாட்டீகளா?" என்று கேலி செய்தார் அண்ணன். அவர் சிரிப்பு பாதியில் நின்றதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

திருகு லூசாக இருக்குமோ? இல்லை, இறுக்கமாகத்தான் இருந்தது. பூஜ்யத்தில் வைத்து மேலே டேப் ஒட்டினேன்.

2.41. லீக். திருகு முழுசில். டேப்பைக் காணோம். தேடினேன். என் பாட்டு அட்டையின் ஓரத்தில், கசங்காமல், நேராக ஒட்டியிருந்தது.

அறைக்குள் இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போனேன். உள்ளே வந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி வெளியே போனேன்.

3.20. திருகை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாடினேன். அசையவில்லை. சரணத்தின் உச்சியில் மட்டும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினேன். ஒரு நொடிதான்.

திறந்தேன்.

முழுசில்.

3.35. ராமநாதன் போன் செய்தார். "ஆறு மணி. மறந்துறாதீக."

வயரையே பிடுங்கினேன். ஹெட்போனைக் கொண்டுபோய் அண்ணன் மேசையில் வைத்தேன்.

3.48. லீக் இல்லை. அப்பாடா என்று அனுபல்லவிக்கு மூச்சு இழுத்தேன்.

டொக்... டொக்.

மூலையில். மரத்தில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

டொக்... டொக்.

"யாரு தட்டுறது?"

"நான் இல்லண்ணே."

அண்ணன் கண்ணாடி வழியே நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் தட்டல். ஓடிப்போயிருக்கலாம். ஆனால் ஓடினால் பாட்டு போய்விடும். யோசித்தேன். திருகு ஏன் ஏறுகிறது? கேட்கவில்லை என்பதால். ஏன் தட்டுகிறது? சுத்தமாகவே கேட்கவில்லை என்பதால்.

ஹெட்போனை எடுத்து வந்தேன். இரண்டாவது ஜாக்கில் சொருகினேன். இந்த முறை இருக்கையில் போடவில்லை. நாற்காலியின் முதுகில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் மாட்டினேன். திருகைப் பாதியில் வைத்தேன்.



4.26.

பாடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தட்டல் இல்லை.

லீக்... இல்லை.

இருக்க வேண்டும். மைக்குக்கு நாலடி தூரத்தில், பாதி வால்யூமில், திறந்து கிடக்கும் ஹெட்போன் கசிந்தே ஆக வேண்டும். பதிவைப் போட்டு, நான் பாடாத இடைவெளிகளில் ஒலி அளவு காட்டும் மீட்டரைப் பார்த்தோம். கோடு அசையவே இல்லை.

ஹெட்போன் கசியாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு.

கழற்றப் போனேன். காதில் படும் இரண்டு பஞ்சும் வெதுவெதுப்பாக இருந்தன.

5.40க்குப் பாட்டைக் கேட்டுவிட்டு ராமநாதன் சரி என்றார். டீக்கடையில்தான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"சிகப்பின்னு ஒரு பிள்ளை. இந்தப் பாட்டே அதுக்குப் போட்டதுதான். தை மாசம், பாட வர்ற அன்னைக்கு அமராவதிபுதூர்ல இருந்து போன் பண்ணுச்சு. 'எல்லாம் ரெடிண்ணே, கிளம்பிட்டேன். உக்கார ஒரு நாற்காலி போட்டு, ஹெட்போனை எடுத்து வைங்க'ன்னுச்சு. வச்சேன். வழியில லாரி..."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பாடியிருப்பீகளா? உங்களுக்கு முன்னாடி மூணு பேரு பாடாமயே போயிட்டாக."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பிள்ளை அந்த ரூமுக்குள்ள ஒரு தடவைகூடக் கால் வச்சதில்லம்மா."

அதன் பிறகு நான்கு முறை அங்கே பாடிவிட்டேன். ஒரு டேக்கும் வீணாகவில்லை. நீங்கள் பாடப் போனாலும் இதைத்தான் செய்ய வேண்டும். இரண்டாவது ஹெட்போனை நாற்காலி முதுகில், காது உயரத்தில் மாட்டுங்கள். திருகு பாதியில் இருக்கட்டும். நாற்காலியில் உட்காராதீர்கள். லீக் வராது.