கதவை மூடிக்கொண்டு நின்ற பஸ்

பஸ் கம்பெனியின் நேர அட்டவணைப் பிரிவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஏன் அக்கா'. கண்டக்டராக நின்று நின்று முழங்கால் தேய்ந்த பிறகு மேசை வேலைக்கு வந்தவள். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் "ஏன்?" என்பாள். அந்த ஒரு சொல்லால் வேலையில் நல்ல பேரும், வீட்டில் ஒரு பகையும் சம்பாதித்திருந்தாள். சொந்தக்காரர்கள் கூடியிருந்த சாப்பாட்டு மேசையில், "உன் வீட்டுக்காரர் ஏன் வேலையை விட்டார்?" என்று நாத்தனாரிடம் கேட்டுத் தொலைத்தாள். அவராக விடவில்லை, அனுப்பிவிட்டார்கள் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதிலிருந்து நாத்தனார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த நாத்தனார்தான் மெட்ரோவின் கடைசி நிலையத்தில் நிலைய அதிகாரி.

அந்த நிலையத்துக்குப் புதிதாக ஒரு பஸ் விட்டிருந்தார்கள். ரயில் ஜனங்கள் இறங்கி வரவும் பஸ் கிளம்பவும் சரியாக இருக்கும்படி ஏன் அக்காதான் உட்கார்ந்து நேரம் போட்டாள். ஆனால் பஸ் காலியாகவே ஓடியது.

"யாருக்கும் வேண்டாத பஸ். நிறுத்திடலாம்" என்றார் மேலாளர்.

ரயிலோ நிரம்பி வழிகிறது. இறங்குகிறவர்கள் எங்கே மாயமாகிறார்கள்? அது அவள் மண்டையைக் குடைந்தது. நாத்தனார் கண்ணில் பட்டாலும் படட்டும் என்று, ஒரு சாயங்காலம் நேரிலேயே போய் நிலைய வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பஸ் நின்றிருந்தது, கதவை மூடிக்கொண்டு, விளக்கை அணைத்துக்கொண்டு. ரயில் வந்தது. படிக்கட்டில் இறங்கிய கூட்டம் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தது. இது போகாது என்று தானே முடிவுகட்டி, மெயின் ரோட்டை நோக்கி நடையைக் கட்டியது. கடைசி ஆளும் மறைந்த பிறகு டிரைவர் விளக்கைப் போட்டார், கதவைத் திறந்தார், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெறும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பஸ் சுற்றி வந்ததும் டிரைவரைப் பிடித்தாள். "ஏண்ணே கதவை மூடி வச்சிருக்கீங்க?"

"திறந்து வச்சா, ஏறுறவங்க எல்லாம் எப்ப எடுப்பீங்கன்னு கேட்டு உயிரை வாங்குறாங்கம்மா. ரயில் ஒருநாள் முன்ன வருது, ஒருநாள் பின்ன வருது. இங்கேருந்து பாத்தா எனக்குச் சுவருதான் தெரியுது. நான் என்னத்தச் சொல்ல?"

அதிலும் நியாயம் இருந்தது. பஸ்ஸுக்கு ரயிலின் நிலவரம் தெரியாது. ரயிலுக்குப் பஸ் இருப்பதே தெரியாது. இரண்டையும் பார்க்கக்கூடிய ஒரே இடம் மேலே நாத்தனாரின் கண்ணாடி அறை. அங்கே மைக் உண்டு. அதன் ஒலிபெருக்கி ஒன்று வாசலிலும் தொங்குகிறது. போவதா வேண்டாமா என்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு முழங்காலைப் பிடித்தபடி படியேறினாள்.

நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன அண்ணி, இவ்வளவு தூரம்?"

"பஸ் விஷயமா வந்தேன்."

"வேற கேள்வி எதுவும் இல்லையே?"

சுருக்கென்று தைத்தது. "இருக்கு. ஆனா கேக்க மாட்டேன்."

நாத்தனாரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "சரி, சொல்லுங்க."

சொன்னாள். மூடிய கதவுக்கு வந்ததும் நாத்தனார் நாற்காலியைத் திருப்பினாள். "அதானா? தினமும் அந்த பஸ் எனக்கு எதிர்ல தூங்கிட்டு நிக்குது. எதுக்குன்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்."

அடுத்த ரயில் நுழைந்ததும் நாத்தனார் மைக்கைப் பிடித்தாள். "வாசலில் நிற்கும் பஸ், இந்த ரயிலில் வந்தவர்கள் ஏறிய பிறகே புறப்படும்."

கீழே டிரைவர் திடுக்கிட்டுக் கதவைத் திறந்தார். படியிறங்கிய கூட்டம் தயங்கியது. ஒருவர் ஏறினார்; அவரைப் பார்த்து நாலு பேர். பாதி ரோடு போய்விட்ட ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி ஓடிவந்தாள்.

மேலாளர் முதலில் குதித்தார். ரயிலுக்காகக் காத்திருந்தால் பஸ்ஸின் நேரம் என்னாவது? மறுமுனையில் டிரைவர்கள் சும்மா நிற்கும் நேரத்தில் கொஞ்சம் கிள்ளி, அவள் இந்த முனைக்குக் கொடுத்தாள். இரண்டு அலுவலகங்களும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் பஸ் நிரம்பத் தொடங்கிவிட்டது.

ரயில் தாமதமானால் நாத்தனார் இப்போது அவளுக்கே போன் செய்கிறாள். ஆரம்பத்தில் இரண்டே வார்த்தை. ஒருநாள் போனை வைக்காமல், தன் வீட்டுக்காரருக்கு நடந்ததை முழுசாகச் சொன்னாள். இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பஸ்ஸில் இன்று நிற்கத்தான் இடம். இன்னொரு பஸ் கேட்டு மேலாளரை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள் ஏன் அக்கா.