நனையாத இருக்கை

வென்டெல் முதலில் மூக்கின் நுனியைத் தேய்த்துக்கொள்வார். பிறகு, பச்சை வேலியில் தானே கத்தரித்து வைத்திருக்கும் ஓட்டை வழியாகக் கல்மேசையைப் பார்ப்பார். புடாபெஸ்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதில் அப்பாக்காரர் இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர். "தொடச்சியா ராசா? இந்தா, கழுவியே விடுறேன்" என்று வேலியிடம் சொல்லிவிட்டு குழாய்ச் சாவியைத் திருகுவார். கல் இருக்கைகளின் நடுத்துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அலறல் முடிந்து சிரிப்பு தொடங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகுதான் அடைப்பார்.

எங்கள் அரண்மனைத் தோட்டத்தின் தண்ணீர்க்காரர் வென்டெல். வயது அறுபதை நெருங்குகிறது. முன்பு ஊர்க் குடிநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மனைவி போய்ச்சேர்ந்து நெடுநாளாயிற்று. தலையில் தீயணைப்புத் தொண்டர் தொப்பி, பையில் சூரியகாந்தி விதை, நின்ற இடமெல்லாம் விதைத்தோல். தண்ணீரைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். "வா கண்ணு, மெதுவா வா" என்று குழாயோடு கொஞ்சுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். மனுஷி யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைக் கூப்பிடவே இல்லை.

இந்தக் கல்மேசை முந்நூறு வருடத்துக் குறும்பு. நாட்டை ஆண்ட துருக்கியர் போன பிறகு, ஆடம்பரமான பரோக் பாணியில் இங்கே அரண்மனை கட்டிய பிரபு, விருந்தாளிகளை நன்றாகக் குடிக்கவைத்து, பின்பக்கம் நனைத்து ரசித்தாராம். அவருடைய இருக்கையில் மட்டும் துளை கிடையாது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது விருந்து மண்டபத்தில் ரஷ்யச் சிப்பாய்கள் குதிரை கட்டினார்கள். பிறகு கூட்டுப் பண்ணைக்காரர்கள் அங்கே சோளம் கொட்டினார்கள், தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டார்கள். நானே அந்தக் கிழங்கைத் தின்று வளர்ந்தவள்தான். சீரமைப்புக்காகத் தோண்டியபோது கிழங்குப் பாத்திக்கு அடியில் பழைய ஈயக் குழாய்கள் கிடைத்தன. புதுக் குழாய் பதித்து, குன்றிலிருந்து ஊற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, சாவியை வென்டெல் கையில் கொடுத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அன்றிலிருந்து யார் நனைவது என்பது அவர் இஷ்டம்.

நான் எடெல்கா. அதே விருந்து மண்டபத்தில் சாரத்தின்மேல் நின்று சுதைச் சிற்பங்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறவள். குதிரைகளின் மூச்சில் உப்புப் பூத்து உதிர்ந்த தேவதைகளுக்கு மூக்கும் சிறகும் திரும்ப வந்திருக்கின்றன. யார் பார்க்கிறார்கள்? வருகிறவர்கள் ஈரக்காலோடு உள்ளே வந்து, அண்ணாந்து பார்ப்பதற்குள், "அந்தத் தண்ணி மேசைக்கு மறுபடி எப்பிடிப் போறது?" என்று என்னிடமே வழி கேட்கிறார்கள். அவர் சாவியைத் திருகினால் கைதட்டல். எனக்குக் கழுத்துவலி. பொறாமைதான். அதற்கு முலாம் பூச எனக்கு மனமில்லை.

ஆனால் என் வயிற்றெரிச்சலில் அது கால்பங்குதான். மிச்சமெல்லாம் கிஸெல்லா. நுழைவுச்சீட்டுக் கொடுப்பவள், என்னைப்போலவே கணவனை இழந்தவள், என்னைவிட நன்றாகச் சிரிப்பவள்.

யாரை நனைப்பது என்பதில் வென்டெலுக்கு ஒரு நியாயம் உண்டு. முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். கையில் ஐஸ்கிரீம் இருந்தால் அது தீரும்வரை காத்திருப்பார். "ஐஸ்கிரீம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார். கைக்குழந்தை இருந்தால் சாவியைத் தொடவேமாட்டார். வெறுங்கையோடு வருகிறவர்களுக்குத் தயவு கிடையாது. பிஷப் வந்தபோதும் திறந்தார். "ஞானஸ்நானம் வாங்கி ரொம்ப நாளாயிருக்குமே" என்று பிற்பாடு சமாதானம் சொன்னார். எதையும் கேட்டுச் செய்வது அவருக்குப் பிடிக்காது. "கேட்டுட்டு நனச்சா அது குளியல். கேக்காம நனச்சாத்தான் வெளையாட்டு."

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை. மதியம் வேலையாட்கள் எல்லாரும் கல்மேசையில் கூடி, பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் வெங்காயமும் தின்போம். அரண்மனை இயக்குநரைத் தவிர மற்றவர்களுக்குள் நீ, வா, போதான். வென்டெல் எங்களுக்கு முன்பே வந்து இருக்கைகளைத் தடவிப் பார்ப்பார். துளையில் இலை அடைத்திருக்குமாம். நான் எப்போதும் என் மண்டபத்து ஜன்னலைப் பார்த்த இருக்கையில் உட்காருவேன். சாப்பிட்டு முடித்துக் கைதுடைக்கும் நேரத்தில் தண்ணீர் கிளம்பும். கிஸெல்லா பாவாடையைத் தூக்கிக்கொண்டு துள்ளுவாள். கல்தச்சர் இம்ரே கெட்ட வார்த்தை சொல்வார். இயக்குநர்கூட நனைவார். ஊரெல்லாம் மழை பெய்யும்போது நான் மட்டும் வற்றல் மாதிரிக் காய்ந்து உட்கார்ந்திருப்பேன். என் இருக்கை பிரபுவின் இருக்கை அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே இருக்கையில் மற்றவர்கள் நனைவதைச் சாரத்தின்மேலிருந்து பார்த்திருக்கிறேன். வென்டெல் இதை எப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஏன் செய்கிறார் என்பது மட்டும் புரிந்ததாக நினைத்தேன். நான் அவருக்கு வேண்டாதவள்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்தால் இன்னும் மோசம். அன்று எங்கள் ஊரில் ஆண்கள் பெண்களை நனைப்பார்கள். வாசலில் நின்று இரண்டு வரி பாட்டுச் சொல்லி, "நனைக்கலாமா?" என்று கேட்டு, நனைத்துவிட்டுச் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை வாங்கிப் போவார்கள். நனையாத பெண் அந்த வருடமே வாடிப்போவாள் என்பது ஊர்ப்பேச்சு. வென்டெல் அன்றும் பாட்டில்லை, கேள்வியில்லை. போன வருடம் கிஸெல்லாவுக்கு ஒரு வாளித் தண்ணீர், தலையோடு. எனக்கு உச்சந்தலையில் ஒரு சொட்டு வாசனைத் தண்ணீர், பாதிரியார் தெளிப்பதுபோல. அந்த மலிவு வாசனை மூன்று நாள் போகவில்லை. நானும் கழுவவில்லை.

அந்தத் திங்கள் மட்டும் பண்டிகைக்காக அரண்மனை திறந்திருக்கும். இந்த வருடம் கதவு திறக்கும் முன்பே, பன்றித்தொடை இறைச்சியும் முட்டையும் வைத்துக்கொண்டு எல்லாரும் கல்மேசைக்கு வந்தோம். நான் போய் கிஸெல்லாவின் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"ஏய் எடெல்கா, அது என் எடம்டி."

"இன்னிக்கு என்னோடது. நீ போய் என் எடத்துல வாடு."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய் என் இருக்கையில் உட்கார்ந்தாள். வேலிக்கு மேலே தொப்பி எழுந்தது. "எடெல்கா, எந்திரி! உன் எடத்துக்குப் போ" என்றார் வென்டெல்.

"மாட்டேன். அவளுக்கு வாளி, எனக்குச் சொட்டா? பிஷப்ப நனச்ச, டைரக்டர நனச்ச, எவன் வீட்டு நாயவோ நனச்ச. என் மேல பட்டா மட்டும் உன் தண்ணிக்கு வலிக்குமா?"

இம்ரேவுக்குத் தின்றது புரையேறியது. கிஸெல்லா இடுப்பில் கைவைத்தாள். "அடிப்பாவி, இதுக்காடி இத்தன வருஷம் என்னை மொறச்சே? வாராவாரம் ஈரப் பாவாடையோட நின்னு எனக்கு இடுப்பே போச்சு. இந்த ஆளை நீயே எடுத்துக்கோ, வாளியோட!"

வென்டெல் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மூக்கைத் தேய்த்தார். கிஸெல்லாவை எழுப்பிவிட்டு, என் இருக்கையின் முன்னால் முழங்காலிட்டு, துளையிலிருந்து எதையோ திருகி எடுத்தார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு மரத்தக்கை. கத்தியால் செதுக்கியது. பல வருடம் ஊறிக் கறுத்திருந்தது.

"உன் ஏப்ரன் பையில எப்பவும் தங்கம் இருக்குமே. நனஞ்சா ரேக்கு போச்சு. அதான் நீ வர்றதுக்கு முன்னாடி வந்து அடச்சு வெப்பேன்."

"வாயத் தொறந்து சொல்லித் தொலச்சா என்ன?"

"சொன்னா நீ பிரபு எடத்துக்குப் போயிருவ." தக்கையைச் சட்டையில் துடைத்தார். "என் வேலி ஓட்டையிலேர்ந்து பாத்தா அந்த எடம் தெரியாது."

நான் எழுந்து ஏப்ரனை அவிழ்த்தேன். தங்க ரேக்குக் கட்டு பையில்தான் இருந்தது. அப்படியே மடித்துக் கிஸெல்லாவிடம் கொடுத்துவிட்டு, சிவப்பு முட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கல் சில்லென்றிருந்தது.

வென்டெல் தக்கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலிக்குப் பின்னால் போனார். சாவி கிறீச்சிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கிறீச்சிடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், வேலிக்கு மேலே தலை தெரிந்தது. தொப்பி இல்லாத தலை. தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நனைக்கலாமா, கண்ணு?" என்று கேட்டார்.