மூவாயிரம் அகலப் பட்டன்

அலுவலகத்தில் அவனுக்கு 'ஓரம்' என்று பெயர். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நுனியில் ஒட்டிக்கொள்வான். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போக மிஞ்சிய கட்டில் விளிம்பில் ஒரு காற்புள்ளியாகச் சுருண்டு தூங்குவான். இணையப் பக்கங்களை அழகுபடுத்துவது பிழைப்பு. மூன்று மாதச் சோதனைக்காலம் அன்றோடு முடிகிறது. வாடிக்கையாளரான பல் டாக்டரம்மா, அவன் செய்த தன் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்துக்குத் தலையாட்டினால்தான் வேலை நிலைக்கும்.

டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டார். "தம்பி, 'நேரம் வாங்க'ங்கிற பட்டன் கொசு மாதிரி இருக்கு. பல்வலிக்காரன் விரல் இதுல எப்படி நிக்கும்? பெருசாக்குங்க. ஆனா போன் நம்பர் பக்கத்துலயே இருக்கணும்."

ஓரம் நிரலில் பட்டனின் அகலம் இருநூறு புள்ளி என்று எழுதினான். பட்டன் அசையவில்லை. ஐந்நூறு. எருமை மாட்டின் மேல் மழை. கடுப்பில் மூவாயிரம் என்று போட்டுவிட்டு, பெஞ்சைத் தேடிப் போனான்.

அங்கே மேனேஜர். ஈர்க்குச்சி உடம்புதான், இந்தப் பக்கம் பை, அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ்.

"என்னப்பா ஓரம், உக்காரு."

"எங்க சார்?"

"பின்னாடி பெஞ்ச் காலியாத்தானே கெடக்கு!"

அப்போதுதான் ஓரத்துக்கு உறைத்தது. இணையப் பக்கத்தின் மொழியில் சொன்னால், மேனேஜர் 'பிளாக்' வகை. எத்தனை ஒல்லியானாலும் வரி முழுக்க அவருக்கு. அடுத்தவன் கீழ் வரிக்குப் போகவேண்டியதுதான். தான் 'இன்லைன்' வகை. எழுத்து எவ்வளவோ அவ்வளவே உடம்பு. அகலம் கொடுத்தாலும் வாங்கத் தெரியாது. பட்டனும் தன் இனம்தான். பிளாக் ஆக்கினால் போன் நம்பர் கீழே விழும். நடுவில் இன்லைன்-பிளாக் இருக்கிறதே! வரியிலும் நிற்கும், கொடுத்த அகலத்தையும் வாங்கிக்கொள்ளும்.

ஓடிப்போய் அதை எழுதினான். மூவாயிரத்தை மறந்தே போனான்.

டாக்டரம்மா திரையை வலப்பக்கமாகத் தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே போனார். "தம்பி, பட்டன் எங்க முடியுது? நோயாளி பஸ் புடிச்சுப் போயி அழுத்தணுமா?"

"ஐயோ, மூவாயிரம்னு போட்டுட்டேன்!" என்று ஓரம் அலறிக்கொண்டே இருநூறு என்று திருத்தினான். பட்டன் சமர்த்தாக நம்பருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "ம்ம், இப்ப நிக்குது. இதையே போட்டுடுங்க."

மேனேஜர் பெஞ்சிலிருந்தே கத்தினார்: "நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்ப்பா!"

ஓரம் பெஞ்சருகே போய் நின்றான். "சார், பையை எடுங்க. எனக்கு ஒன்றரை அடி வேணும்."

மேனேஜர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அவ்வளவுதானா? மூவாயிரம் கேப்பியோன்னு பயந்துட்டேன்!"