அலமாரிக் கதவில் நாற்பது நாள்

தம்பியின் கடைசிக் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. பட்டாளத்தில் அவனுக்குத் தந்தி வேலை. அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ஒரு வரியும் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல யாருமில்லை. சூரமங்கலத்தில், ரயில்வே வீட்டு ஜன்னலை விட்டு அம்மா நகருவதே இல்லை என்று அப்பா எழுதியிருந்தார். நான் சங்ககிரிப் பக்கம் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

எனக்குச் சும்மா காத்திருக்க வராது. பயிற்சியில் பழக்கியது அப்படி: பார்த்ததை எழுது, கொடுத்ததை எழுது, நேரத்தை எழுது. ஜெபத்தையும் அதே வழியில் செய்தேன். காய்ச்சல் குறிக்கும் தாள் ஒன்றை எடுத்து, டிகிரி இருக்கும் இடத்தில் காலை, நண்பகல், மாலை என்று எழுதி, மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் குத்தி வைத்தேன். தம்பிக்காக ஜெபித்து எழுந்ததும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. நாற்பது நாள், விடாமல். வேதத்தில் நாற்பது அடிக்கடி வருகிறது; அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

சட்டங்கள் தாமாகவே கூடின. புள்ளி அந்தந்த வேளையிலேயே விழ வேண்டும். முழங்காலில் நின்று ஜெபித்தால்தான் செல்லும். ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவை பதினோராம் நாள், கஷ்டமான பிரசவத்தில் மாலைப் புள்ளி போயிற்று. இன்னொரு தடவை இருபத்தாறாம் நாள், அசந்து தூங்கிவிட்டேன். இரண்டு தடவையும், வரவிருந்த கடிதத்தை நானே திருப்பி அனுப்பிவிட்டதாக நினைத்தேன். தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அன்றைய புள்ளிகளை மனதுக்குள் சரிபார்ப்பேன்.

மூன்றாம் தடவை முப்பத்தெட்டாம் நாள் வரை வந்துவிட்டேன்.

அன்று காலை ஒரு குடியானவப் பெண் வில்வண்டியில் தன் நான்கு வயதுப் பையனைக் கொண்டுவந்தாள். மலேரியா. நூற்று நான்கு டிகிரி. டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார். கொயினா மருந்து கொடுத்துவிட்டு, நானும் அவளும் கட்டிலின் இரு பக்கமும் நின்று ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தோம். வேப்பமரத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை ஆயா பன்னிரண்டு முறை தட்டினாள்.

“துணிய மாத்திக்கிட்டே இருங்க. இதோ வந்துடறேன்.”

“ஏனுங்க நர்ஸம்மா, இப்பவே போகோணுங்களா? பையனுக்குக் கண்ணு ஒரு மாதிரி சொருகுதுங்க.”

சொருகியதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன். இதை மாற்றி எழுத வழியில்லை.

அலமாரி முன்னால் முழங்காலில் நின்று, மனப்பாடமான சொற்களை வேகமாகச் சொல்லி முடித்தேன். எழுந்து புள்ளி வைத்தேன். மை பரவாமல் ஒற்றுத்தாளால் ஒற்றியும் எடுத்தேன். அப்போதுதான் “ஐயோ சாமி!” என்று அவள் அலறினாள்.

ஓடி வந்தேன். பையனுக்கு வலிப்பு. ஆயா அதற்குள் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தாள். சில நிமிடங்கள்தான், நின்றுவிட்டது. மாலைக்குள் வியர்த்து, நூறுக்கு இறங்கிக் கஞ்சி கேட்டான்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

“உங்க சாமி அந்த அலமாரிக்குள்ளயாங்க இருக்குது?”

“இல்லைங்க. அங்க மருந்துதான் இருக்குது.”

“மணியடிச்சதும் அதுக்கு முன்னால மண்டி போட்டீங்களே? கதவு தொறந்திருந்துதுங்க, பார்த்தேன்.”

ஆயா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “அது ரொம்பக் கோவக்கார சாமி, அம்மணி. ஒரு நிமிசம் தப்பக்கூடாது. நர்ஸம்மா சோத்துல கை வெச்சிருந்தாக்கூட எந்திரிச்சு ஓடோணும்.”

“அடேங்கப்பா! எங்க கருப்பனாரே புள்ளைக்குக் காய்ச்சலுன்னா பொறுத்துக்குவாருங்க.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். ‘விக்கிரகத்தை வணங்காதே’ என்பது உட்பட வேதத்தின் பத்துக் கட்டளைகளையும் தடுமாறாமல் ஒப்பித்து ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். ஊர் எல்லையில் கருப்பனார் கோயிலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் வணங்கியதோ என் கையாலேயே எழுதிய தாளை. கர்த்தர் தம்பியைத் தருவார் என்று நம்பியதைவிட, தாள் நிறைந்தால் தந்தே ஆகவேண்டும் என்றுதான் நம்பியிருக்கிறேன்.

மாலைப் புள்ளி வைக்க வேண்டிய நேரம் வந்தது. அலமாரியைத் திறந்தேன். கை பேனாவை எடுத்துவிட்டது. இன்னும் ஏழே புள்ளிகள். இதை விட்டு, அதனாலேயே தம்பி வராமல் போனால்? அந்தப் பயத்தோடேயே ஆணியைப் பிடுங்கித் தாளை எடுத்தேன். யுத்த காலம், காகிதம் கிடைக்காது, கிழிக்க மனமில்லை. பின்பக்கம் கோடு போட்டு, மாலை ஆறு மணி, நூறு டிகிரி என்று பையனின் காய்ச்சலை எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன்.

நாற்பதாம் நாளும் போயிற்று. பையன் “ஊட்டுக்குப் போகோணும்” என்று ஒரே அழுகை. தபால்காரர் நிற்காமல் போனார்.

இதை எழுதும் இன்றுவரை கடிதம் இல்லை. தம்பிக்காகக் கேட்பதை நான் விடவில்லை. எத்தனை தரம் கேட்டேன் என்றுதான் தெரியாது. துணி பிழியும்போது கேட்கிறேன், ஊசியைக் கொதிக்க வைக்கும்போது கேட்கிறேன். சில நாள் கேட்டேனா என்றே நினைவிருப்பதில்லை. அப்போது பழைய திகில் எட்டிப் பார்க்கிறது. பன்னிரண்டு தட்டினால் இன்னமும் கால் அலமாரிப் பக்கம் திரும்புகிறது. அந்த நேரத்தில் யாருடைய நாடியைப் பிடித்திருக்கிறேனோ, அந்தக் கையை விடாமல் எண்ணி முடிக்கிறேன்.