லேபிள் இல்லாமல் போன நாற்பது போத்தல்கள்

இணுவிலில் ஒரு சித்த மருந்துத் தொழிற்சாலையில் லேபிள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "லேபிள் ஒட்டுறதிலை என்ன பெரிய வேலை கிடக்கு?" என்று கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான்.

1. முதல் நாள்

மருந்துக்குப் பொறுப்பான வைத்தியர் ஐயா என்னைப் பூட்டிய அலுமாரிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, இதுக்குள்ளை இருக்கிறது கஞ்சா சேர்ந்த லேகியம். அரசாங்க அனுமதியோடைதான் செய்யிறம். வைத்தியர் மருந்துத் துண்டு எழுதினால்தான் குடுக்கலாம். கஞ்சா சேர்ந்தது எண்டதும் அளவும் பட்ச் நம்பரும் போத்தலிலையும் இருக்கோணும், பெட்டியிலையும் இருக்கோணும். பிள்ளையளுக்கு எட்டாத இடத்திலை வைக்கச் சொல்லிச் சிவப்பிலை போடோணும். விளங்குதே?"

"ஓம் ஐயா."

எனக்கு விளங்கவில்லை. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் ஒட்டுவது வீண் வேலை என்றுதான் நினைத்தேன்.

2. நான் போட்ட கையெழுத்து

நாங்கள் நெல்லிக்காய் லேகியமும் செய்தோம். இரண்டுக்கும் ஒரே மண்ணிறப் போத்தல், ஒரே வெள்ளை மூடி. வித்தியாசம் லேபிளில் மட்டும்தான். பெட்டியில் பிள்ளையார் படம் போட்டால் சனம் நம்பி வாங்கும் என்று முதலாளிக்கு யோசனை சொன்னவளும் நான்தான். அவருக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஒருமுறை கஞ்சா லேகியப் போத்தல்களுக்கான லேபிள் அச்சகத்திலிருந்து வரவில்லை. பெட்டிகள் மட்டும் வந்திருந்தன. கடைக்காரர்கள் போனுக்கு மேல் போன் எடுத்தார்கள். ஐயா அன்றைக்குக் கொழும்பில் நின்றார்.

"பெட்டியிலை எல்லாம் கிடக்குத்தானே பிள்ளை? போத்தல் பெட்டியை விட்டிட்டு ஓடியே போகப்போகுது?" என்றார் முதலாளி.

நான் சிரித்துக்கொண்டே, போத்தல்களை வெளியே அனுப்பும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். நாற்பது போத்தல் வெளியே போனது.

3. தொலைபேசி

இரண்டு கிழமை கழித்து ஒரு காலைநேரம் அழைப்பு வந்தது. ஒரு தகப்பனின் குரல். கடைக்காரரிடம் எங்கள் நம்பரை வாங்கியிருந்தார்.

"அக்கா, என்ரை மகள் உங்கடை லேகியத்தைத் திண்டிட்டாள். அஞ்சு வயசு. எவ்வளவு தட்டியும் கண் முழிக்கிறாள் இல்லை. ஆஸ்பத்திரியிலை நிக்கிறன். என்னத்தைத் திண்டவள் எண்டு டொக்டர் கேக்கிறார். மாமியின்ரை வருத்தத்துக்கு வைத்தியர் துண்டு எழுதி ஒரு லேகியம் வாங்கினது, பிள்ளைக்கு நெல்லிக்காய் லேகியம் வாங்கினது. ரண்டும் ஒரே போத்தல். இது எதெண்டு தெரியேல்லை அக்கா."

"கையிலை இருக்கிற போத்தலிலை லேபிள் ஒட்டிக் கிடக்கோ?"

"இல்லை. ஒண்டும் இல்லை."

நெல்லிக்காய் லேகியம் ஒருநாளும் லேபிள் இல்லாமல் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. லேபிள் இல்லாமல் போனது அந்த நாற்பது மட்டும்தான்.

"தம்பி, அது கஞ்சா சேர்ந்தது. போனை டொக்டரிட்டைக் குடுங்கோ."

மறுமுனையில் அந்த மனிதன் "ஐயோ" என்று கத்தியது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. டொக்டரிடம் கஞ்சாவின் அளவைச் சொல்லிவிட்டு, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"ஒரு மணித்தியாலமா என்னத்துக்கு வைத்தியம் பாக்கிறதெண்டு தெரியாமல் நிண்டனாங்கள்," என்றார் டொக்டர். அவர் குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நான் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். அடுத்தநாள் பின்னேரம்தான் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது.

4. கீரிமலை வீடு

பிள்ளை வீடு திரும்பிய பிறகு, போத்தலையும் பெட்டியையும் எடுத்துவர நானே கீரிமலையில் இருந்த அவர்களின் வீட்டுக்குப் போனேன். தாய் போத்தலைத் தந்துவிட்டுச் சமையலறைத் தட்டைக் காட்டினாள். பிள்ளை கதிரையில் ஏறி எடுத்தது அங்கிருந்துதான்.

"பெட்டியை எறிஞ்சிட்டியளோ?" என்று கேட்டேன்.

"எறியிறதோ? பிள்ளையார் படம் எல்லோ கிடக்குது! குப்பையிலை போடலாமே அக்கா?"

சாமியறையைத் திறந்தாள். உயரத் தட்டில், சுவாமிப் படங்களுக்கு நடுவில், எங்கள் பெட்டி இருந்தது. பிள்ளையாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் சாத்தியிருந்தாள். எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் சிவப்பு எழுத்துக் கசங்காமல் இருந்தது: பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

எழுத்துத்தான் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அந்தத் தாய், பாவம், எனக்குத் தேத்தண்ணீர் வைக்கப் போனாள். என்னை ஏசியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

கையெழுத்து என்னுடையது என்று ஐயாவிடம் சொன்னேன். மிச்சப் போத்தல்களைத் தேடி வீடு வீடாக நானே போனேன். போன இடங்களில் பாதியில் பெட்டி சாமியறையில்தான் இருந்தது. அதன் பிறகு எங்கள் பெட்டியில் சாமிப்படம் இல்லை. கஞ்சா லேகியத்துக்கு வேறு நிறப் போத்தல், சிவப்பு மூடி.

புதிதாக இந்த மேசைக்கு வரும் பிள்ளைகளே, லேபிள் ஒட்டி முடிந்ததும் பெட்டியைக் கழற்றி அப்பால் வையுங்கள். வெறும் போத்தலை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் சனத்தின் வீட்டில் பெட்டி சாமியறைக்குப் போகும், போத்தல் சமையலறைக்குப் போகும். பசிக்கிற பிள்ளை சமையலறைக்குத்தான் வரும்.