ரப்பர் கொட்டையும் கிராணியின் கண்ணாடி அலமாரியும்

போன வாரம் சிரம்பானில், அம்பாங்கான் வீட்டில் மகளின் கைப்பேசியை வாங்கி, இணையக் கலைக்களஞ்சியத்தில் ரப்பர் மரத்தைத் தேடினேன். மேலேயே பொருளடக்கம்: தோற்றம், சாகுபடி, பயன்கள், நச்சுத்தன்மை. கடைசியைத் தொட்டேன். கொட்டையில் விஷம் உண்டு என்று இரண்டே வரி.

"ஏம்மா அழுவுற?" என்றாள் மகள்.

ஜனங்கள் ஏன் இந்த இணையக் கலைக்களஞ்சியத்தையே மொய்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். வந்தவனை வாசலில் நிற்கவைத்து வம்பளக்காமல், வேண்டிய அறைக்கே கூட்டிப்போகிறது. அதனால்தான்.

எழுபதுகளின் கடைசியில் மந்தினுக்கு அந்தப் பக்கம் ஓர் ரப்பர் எஸ்டேட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் 'டியர் சார்' அளவுதான். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்குப் பின்னால் பூட்டிய கண்ணாடி அலமாரி; உள்ளே தங்க எழுத்துப் போட்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியம். திறந்தால் பாச்சை உருண்டை வாசனை.

ஒரு காலை, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டும் முனியம்மா மூன்று வயது மகன் செல்வத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ரப்பர் கொட்டையை உடைத்துத் தின்றிருக்கிறான், வாந்தி நிற்கவில்லை. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் லீவு. வாசலில் ரப்பர் பால் ஏற்றிய லாரி நின்றது. ஆனால் கிராணி சொல்லாமல் அது நகராது. தாமதமாகிப் பால் கெட்டியானால் மானேஜர் துரைக்கு யார் பதில் சொல்வது?

"விஷமான்னு முதல்ல பாத்துடுவோம்லா," என்று கிராணி அலமாரியைத் திறந்தார்.

ரப்பருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒரு உள்தலைப்பு கிடையாது. பிரேசில் காடு, கப்பல், டயர், வெள்ளைக்காரன் பெருமை. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிற கதைதான். கிராணியின் விரல் வரிவரியாக ஊர்ந்தது. பையனின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அதை எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் கடித்தே குதறியிருப்பேன்.

"படிச்சது போதுங்கய்யா. லாரிய விடுங்க," என்றாள் முனியம்மா.

"இரும்மா. இதுல எல்லாம் போட்டிருக்கும்."

கெட்ட மனுஷர் இல்லை. புத்தகத்தை அப்படி நம்பினார்.

கடைசியில் லாரி டிரைவர் ஆறுமுகம்தான் பொறுக்கமாட்டாமல் எஞ்சினைக் கிளப்பினார். "துரை என்னையக் கேக்கட்டும்லா. ஏறு தங்கச்சி."

நானும் கூட ஏறினேன். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். மந்தின் தாண்டியதும் பையனின் முனகல் நின்றது.

"தூங்கிட்டான்," என்றாள் முனியம்மா.

ஆறுமுகம் திரும்பிப் பார்த்தார். லாரியின் வேகத்தைக் குறைத்தார்.

எஸ்டேட் இடுகாட்டில்தான் புதைத்தோம். முனியம்மா வருஷம் தவறாமல் அங்கே பசும்பால் ஊற்றுவாள். தொண்ணூறுகளில் எஸ்டேட்டை விற்றார்கள். நீலாய் பக்கம் பெருகியதுபோல அங்கேயும் வரிசை வீடுகள் எழும்பின. அந்த வருஷம் அவளோடு நானும் போனேன். எல்லா வீடும் ஒரே மாதிரி. சொம்பைப் பிடித்தபடி ரோட்டிலேயே நின்றாள்.

"எந்த வீட்டுக்குக் கீழ இருக்கான்னு தெரியலையே. எங்க போயி ஊத்த?"